டாக்டர் பாதரசத்தின் சிரிப்பு

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் காமிக்ஸ் படித்தபோது நீங்கள் யாராக இருக்க ஆசைப்பட்டீர்கள்? முக்கால்வாசிப் பேர் ஹீரோ என்பீர்கள். மிச்சப் பேர் ஹீரோவின் நண்பன் என்பீர்கள். இந்த வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் வில்லனாக ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதோடு நிற்கவும் இல்லை. பதினோரு வயதில், கிள்ளானில் ஒரு மண்டபம் நிறைய ஜனங்களுக்கு முன்னால், நான் வில்லனாகவே நின்றேன்.

எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயிலில் கார்டு. அம்மா, நான், தம்பி, அப்பாவின் அக்காவான அத்தை என்று இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். ரயில் போனால் சுவரில் தொங்கும் சாமி படம் சாய்ந்துகொள்ளும். அதை நேராக்குவது அத்தையின் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை நேராக்குவார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை முடிவெட்டக் கூட்டிப் போவது என் வேலை. தனியாக அனுப்பினால் பாதி வெட்டியதும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவிடுவான். அந்த முடிவெட்டும் கடையில், வாசலோரம் ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சின் மேல் ஒரு கட்டுக் காமிக்ஸ் கிடக்கும். எல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவை. அட்டை கிழிந்து, ஓரம் சுருண்டு, பக்கத்துக்குப் பக்கம் யார் யாருடைய முடித் துணுக்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். பவுடர் வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் அச்சு மை வாசமும் கலந்து வரும். இன்றைக்கும் ஏதாவது சலூனைத் தாண்டிப் போனால் எனக்குக் கதை படிக்க வேண்டும்போல் இருக்கிறது.

அந்தக் காமிக்ஸ் கட்டுக்குள்தான் டாக்டர் பாதரசம் இருந்தார்.

சோதனைச்சாலையில் பாதரசம் வெடித்து முகம் போனவர். வெள்ளி முகமூடி, கணுக்கால் வரைக்கும் பச்சைக் கோட்டு, ஆளில்லாத கலங்கரை விளக்கத்தில் வாசம். ஒவ்வொரு கதையிலும் மலையிலிருந்து விழுவார், கடலில் மூழ்குவார், பனியில் உறைவார். அடுத்த கதையின் முதல் பக்கத்தில் திரும்பி வந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு அரைப் பக்கத்துக்கு இருக்கும். 'ஹ' சின்னதாக ஆரம்பித்து, வரவரப் பெரிதாகி, கடைசி 'ஹா' கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே நிற்கும்.

ஹீரோவுக்கு நல்ல முகம், இஸ்திரி போட்ட சட்டை. யாராவது கூப்பிட்டால் வருவார், அடிப்பார், போவார். கூப்பிடாத நாளில் அவர் என்ன செய்கிறார் என்று எந்தக் கதையிலும் போடவில்லை. பாதரசத்துக்குத் தினமும் வேலை இருந்தது. காலையில் எழுந்தால் ஒரு திட்டம் போடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. அதைவிட, அவ்வளவு சத்தமாகச் சிரித்தும் யாரும் அவரை 'மெதுவா' என்று சொல்லாதது பிடித்திருந்தது.

ஏன் என்றால், என் குரல் அப்படி. பிறந்ததிலிருந்தே கட்டைக் குரல். வேனில் காய்கறி கொண்டுவருகிறவர் முதுகுக்குப் பின்னால் நான் கூப்பிட்டால், "என்ன வேணும் தம்பி?" என்றபடி திரும்புவார். அத்தை என் குரலுக்கு 'லோரி' என்று பேர் வைத்திருந்தார். "லோரி ஸ்டார்ட் ஆயிடுச்சு, காதைப் பொத்திக்குங்க."

அதற்கெல்லாம் நான் சிரித்துவிடுவேன். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது.

நான்காம் வகுப்பில் எங்களுக்குப் புதிதாக ஒரு பாட்டு டீச்சர் வந்தார். ஒல்லியாக, எப்போதும் மடித்த கைக்குட்டையோடு இருப்பார். திங்கட்கிழமை அசெம்பிளிக்குப் பாட்டுப் பழக்கினார். ஏதோ ஒரு சத்தம் மட்டும் தனியாக இடிக்கிறது என்று வரிசை வரிசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். குனிந்து என் காதில், "நீ வாய மட்டும் அசைம்மா. சத்தம் வேணாம்" என்றார். திட்டவில்லை, பாருங்கள். அன்பாகத்தான் சொன்னார். அதனால் அழக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து ஆறாம் வகுப்புவரை திங்கட்கிழமைதோறும் நான் வாயை மட்டும் அசைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் இளவட்டம். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு மாலை ஊரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து சேருவார். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது காலில் போட்ட சப்பாத்தில் தோட்டத்துச் செம்மண் இருக்கும். ஒருநாள் கணக்குப் பாடத்தில், முடிவெட்டும் கடையிலிருந்து கெஞ்சி வாங்கிவந்த பாதரசத்தை மேசைக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சப்பாத்து என் பக்கத்தில் வந்து நின்றது.

"யாருது இது?"

"முடிவெட்டுற அங்கிளோடது சார்."

"அவரு படிச்சா பரவால்ல. கணக்கு அவருக்குத் தெரியும்." புத்தகத்தை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்கார அங்கிளுக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கடை இருக்கும் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான்காம் நாள் வாத்தியார் கூப்பிட்டார். புத்தகத்துக்குப் பழைய பேப்பரில் அட்டை போட்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இதுக்கு அடுத்த பாகம் வந்துடுச்சா?"

அப்படித்தான் எங்கள் நாடகம் பிறந்தது. கிள்ளானில் தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே நாடகப் போட்டி நடக்கும். எங்கள் பள்ளி எப்போதும் ஒரே ராஜா நாடகத்தைப் போட்டு, எப்போதும் வெறுங்கையோடு திரும்பும். இந்த முறை வாத்தியார் டாக்டர் பாதரசத்தை வைத்து எழுதினார். ஊரிலுள்ள ரயில்களை எல்லாம் பாதரசம் களவாடப் பார்க்கிறார். ஹீரோ தடுக்கிறான். தலைமையாசிரியர் முகம் சுளித்தார்.

"காமிக்ஸா? கேட்டா என்னன்னு சொல்றது?"

"விஞ்ஞான நாடகம்னு சொல்லுங்க சார்."

தலைமையாசிரியர் யோசித்தார். 'விஞ்ஞானம்' அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால், "இந்த ஒரு தடவைதான். ஒண்ணும் வாங்காம வந்தா, அடுத்த வருஷம் ராஜாதான்" என்று சொல்லிவிட்டார்.

ஹீரோ யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் மகன். வெள்ளை நிறம், வகிடெடுத்த தலை, வகுப்பில் முதல் மாணவன், செய்யுள் ஒப்பித்தால் ஒரு எழுத்துப் பிசகாது. வில்லனாகத் தடியாக ஒரு பையனைப் போட்டார்கள். இரண்டாவது வாரம் அவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து, கன்னம் இரண்டும் உப்பி, வீட்டில் படுத்துவிட்டான். போட்டிக்கு மூன்றே வாரம். வாத்தியார் பையன்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். ஒருவன் ஆடு மாதிரிச் சிரித்தான். ஒருவன் விக்கினான். ஒருவன் நிஜமாகவே சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டான்.

நான் சன்னலோரம் இருந்தேன். என் கை தானாக எழுந்தது என்று சொல்ல மாட்டேன். நான்தான் தூக்கினேன். தூக்குவதற்கு முன்னால் வெகுநேரம் யோசித்தேன்.

"சார், நான் சிரிக்கட்டா?"

பையன்கள் ஊளையிட்டார்கள். "பொண்ணு எப்படி சார் வில்லன்?"

வாத்தியார் அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "சிரி."

சின்ன 'ஹ'வில் ஆரம்பித்தேன். புத்தகத்தில் பார்த்த மாதிரியே படிப்படியாக ஏற்றினேன். இரண்டு வருடமாக வாயை மட்டும் அசைத்தது எல்லாம் அதில் வந்தது என்று நினைக்கிறேன். கடைசி 'ஹா' முடிந்தபோது பக்கத்து வகுப்பில் பாடம் நின்றிருந்தது. அந்த வகுப்பு டீச்சர் சாக்பீஸோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"முகமூடிக்குள்ள ஆணா பொண்ணான்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் வாத்தியார், பையன்களிடம்.

வீட்டில் எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒத்திகை பார்க்க இடமும் இல்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், புல் முளைத்த தண்டவாளத்தில், பழைய சரக்குப் பெட்டி ஒன்று கேட்பாரற்று நின்றது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதற்குள் ஏறி நின்று சிரித்தேன். துருவும் காய்ந்த கரியும் நாறும். தகரச் சுவரில் பட்டு என் குரல் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

நான்கைந்து நாளில் குவாட்டர்ஸ் முழுக்க ஒரு செய்தி பரவியது. ஆறு மணிக்கு ஒரு பேய் சிரிக்கிறது. தண்டவாளத்தில் விழுந்து செத்த ஆளாம். சிலர் ஆண் பேய் என்றார்கள், சிலர் மலாய்ப் பேய் என்றார்கள். எதிர்வீட்டு ஆன்டி அஞ்சரைக்கே துணியை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அத்தை கோயிலுக்குப் போய், பிள்ளைகளுக்கு மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். என் கையில் கட்டும்போது, "பயப்படாத. இது இருந்தா அது உன் பக்கத்துல வராது" என்றார். மறுநாள் அந்தக் கயிற்றோடு போய்த்தான் சிரித்தேன்.

அத்தை பயப்படுகிற ஆள். ஆனால் பயந்துகொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நான்கு பெண்களையும் ரயில்வே ஜாகாவையும் சேர்த்துக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு பேயைப் பிடிக்க வந்துவிட்டார். ஜாகா காவல்காரர்தான், ஆனாலும் கடைசியில் வந்தார். நான் பெட்டிக்குள் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து, கடைசி 'ஹா'வில் இருந்தேன். வாசலில் அத்தையின் தலை தெரிந்தது.

"அடிப்பாவி! லோரி!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்க, துடைப்பத்தோடு பின்னால் அத்தை வர, வீடுவரைக்கும் நடந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து, பனியனோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை எல்லாவற்றையும் கொட்டினார். நாடகம் என்று நான் சொன்னேன். வில்லன் என்றும் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். பேசுவதும் குறைவு. வீட்டிலும் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான். கண்டிப்பான மனிதர் என்று எல்லாரும் நினைத்தோம்.

"வேணாம்மா," என்றார். "திங்கக்கிழமை சார்கிட்ட சொல்லிடு."

"ஏம்ப்பா?"

"அத்தன பேரு முன்னுக்கு நின்னு கத்துவே. சிரிப்பாங்க. பொம்பளப் பிள்ளைக்கு அது வேணாம்."

"சிரிக்கட்டும்."

"உனக்குத் தெரியாது."

எனக்குள் என்னவோ உடைந்தது. "எனக்குத் தெரியும்! பாட்டு கிளாஸ்ல என்ன வாய மட்டும் அசைக்கச் சொன்னாங்க. ரெண்டு வருஷமா வாய மட்டும்தான் அசைக்கிறேன். இதுல மட்டும்தான் சார் சத்தமா செய்யச் சொன்னாரு. இதையும் வேணாங்கிறீங்க!"

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

அது மெதுவாக வரவில்லை. சுவரில் சாமி படம் சாய்ந்தது. ரயில் எதுவும் போகவில்லை. கட்டையாக, கரகரப்பாக, அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் குரல் என்னுடையது. என் குரலை அதுவரை வேறொரு ஆளின் வாயில் நான் கேட்டதில்லை. தம்பி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். அத்தை துடைப்பத்தைக் கீழே போட்டார். அப்பாவும் பயந்துவிட்டார். தன் சத்தத்தைக் கேட்டு அவரே பயந்த மாதிரி இருந்தது.

அத்தை போய்ச் சாமி படத்தை நேராக்கினார். பிறகு அப்பா பழையபடி மெதுவாகக் கேட்டார்.

"நாடகத்துல உன் பேரு என்ன?"

"டாக்டர் பாதரசம்."

"டாக்டரா?" என்றார். தேத்தண்ணியை எடுத்துக் குடித்து முடித்தார். "சரி. செய்யி."

அப்பா இறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவின் குரலுக்கு அங்கே என்னென்னவோ பேர் வைத்துக் கூப்பிட்டார்களாம். மேலதிகாரி ஒருவர் எல்லாருக்கும் முன்னால், 'குரைக்காதே' என்றாராம். அன்றைக்குக் குறைத்த சத்தத்தை அவர் திரும்பக் கூட்டவே இல்லை. அடக்கமாக இருந்தால் என்னையாவது யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். என் குரல் அவருக்கு வெட்கமாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். இருவருமே தப்புக் கணக்குப் போட்டிருந்தோம்.

அடுத்த வாரம் அப்பா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்த அவருடைய கூட்டாளி செய்துகொடுத்த முகமூடி. மெல்லிய தகடு, கண்ணாடி மாதிரித் தேய்த்தது. கண் துளைகளை அரத்தால் மழமழவென்று ராவி, உள்ளே கம்பளித் துணி ஒட்டியிருந்தார். மாட்டிக்கொண்டால் இயந்திர எண்ணெய் வாசம் வரும். மூச்சு உள்ளே திரும்பி முகத்தை நனைக்கும். நான் பேசினால் தகடு அதிர்ந்து மூக்குக் கூசும். பிறகு குவாட்டர்ஸை இடித்தபோது வீடு மாறினோம். அந்தக் களேபரத்தில் அது எங்கேயோ போய்விட்டது. எத்தனையோ நகை தொலைத்திருக்கிறேன், அதற்கெல்லாம் வருத்தமில்லை. பச்சைக் கோட்டு அம்மாவின் பழைய திரைச்சீலை. தைத்தது அத்தை. "பேய்க்குக் கோட்டு தைக்கிற அத்தை நான் ஒருத்திதான்" என்று ஊசிக்கு நூல் கோக்கும்போதெல்லாம் சொல்வார்.

போட்டி நாளில், அம்மாவும் அத்தையும் கூட வர, ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை. பார்க்க வர முடியாது. மண்டபம் நீளமானது, கூரை முழுக்கத் தகரம். பெற்றோரும் பிள்ளைகளும் நிறைந்து, கச்சான் கடலை கொறிக்கிற சத்தமும் கைக்குழந்தைகளின் அழுகையுமாக இருந்தது. நான் முகமூடியோடு மேடைக்குப் பக்கத்தில் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பள்ளி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானின் மத்தியான மழை உங்களுக்குத் தெரியும். ஒரு லோரி கல்லைக் கூரைமேல் கொட்டிய மாதிரி இருந்தது. பெரிதாக ஒரு இடி. விளக்கு போயிற்று, காற்றாடி நின்றது, மைக் செத்தது. மேடையில் இருந்த பிள்ளைகள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடம் நான் அப்படித்தானே நின்றேன். ஜனங்கள் திரும்பிக்கொண்டு தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த பள்ளிக்கும் அதே கதி.

எங்களுடன் பாட்டு டீச்சரும் வந்திருந்தார். "ஒத்திவைக்கச் சொல்லலாமா சார்?" என்று வாத்தியாரைக் கேட்டார். கைக்குட்டை அவர் கையில் கசங்கியிருந்தது.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "உனக்கு மைக் வேணுமா?"

"வேணாம் சார்."

எங்கள் பள்ளியின் பேரை யாரோ சொன்னார்கள், அதுவும் கேட்கவில்லை. கிராணி மகன் முதலில் போய்ப் பேசினான். உதடு மட்டும் அசைந்தது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு நான் உள்ளேயிருந்து, ஆள் தெரியாமல், ஆரம்பித்தேன்.

சின்ன 'ஹ'. யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்தது, அதற்கடுத்தது. மழையும் ஏறியது, நானும் ஏறினேன். நாள் கணக்காகத் தகரப் பெட்டிக்குள் சிரித்தவளுக்குத் தகரக் கூரை புதிதா? கடைசி 'ஹா'வோடு மேடைக்கு வந்தேன். சன்னல் வெளிச்சம் முகமூடியில் விழுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அந்த மண்டபத்தில் மழையையும் என்னையும் தவிர வேறு சத்தமே இல்லை.

"இந்த ஊரின் ரயில்கள் இனி என்னுடையவை!" கடைசிப் பெஞ்சில் யாரோ ஒரு ஆள் எழுந்து நின்று பார்த்தது எனக்குத் தெரிந்தது.

அடுத்தது ஹீரோவின் வசனம். வரவில்லை. கிராணி மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு எழுத்துப் பிசகாத பையனுக்கு ஒரு எழுத்துக்கூட நினைவில்லை. அவன் பயப்படுவான் என்று எங்களில் யாரும் யோசித்ததே இல்லை. அழகாக இருக்கிறான், நன்றாகப் படிக்கிறான், பிறகு அவனுக்கு என்ன பயம் என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். நாங்களும்தான்.

திரைக்குப் பக்கத்திலிருந்து வாத்தியார் வசனத்தை எடுத்துக்கொடுத்தார். மழையில் அவர் குரல் இரண்டடிகூட வரவில்லை.

நான் அவனைச் சுற்றி நடந்தேன். கோட்டை உதறினேன். "என்ன, பேச்சு வரவில்லையா? 'பாதரசமே, உன்னை விடமாட்டேன்' என்று சொல்லப் போகிறாயா? எங்கே, சொல் பார்க்கலாம்!"

அவன் கண் என் பக்கம் திரும்பியது. மழையை மிஞ்சிக் கத்தினான். "பாதரசமே... உன்னை விடமாட்டேன்!"

சபை கைதட்டியது. எங்கள் இரண்டு பேருக்கும் வழி தெரிந்துவிட்டது. "அடுத்து, 'ரயில் மக்களின் சொத்து' என்பாய்! எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்!" என்றேன். அவன், "ஆமாம்! ரயில் மக்களின் சொத்து!" என்றான். இப்படி அவன் வசனத்தை எல்லாம் நான் கேலியாகச் சொல்லச் சொல்ல, அவன் வீராவேசமாகத் திருப்பிச் சொன்னான். நாலாவது வசனத்தில் அவனுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. அப்புறம் நான் எடுத்துக்கொடுக்கத் தேவைப்படவில்லை. கடைசியில் அவன் என்னை உண்மையாகவே பலமாகத் தள்ளினான். நான் மேடை அதிர விழுந்தேன்.

ஹீரோ ஜெயித்ததற்குத் தட்டுவார்கள் என்று பார்த்தால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாதரசம், எழுந்திரு லா!" இன்னொருவர், "ஒரு தடவ சிரிச்சிட்டுப் போ!" பிறகு மண்டபம் முழுக்க அதே கூச்சல். விழுந்து கிடந்தபடியே வாத்தியாரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் 'எழுந்திரு' என்றார். எழுந்து நின்று சிரித்தேன். மழை விட்டிருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கு இரண்டாம் பரிசு. தலைமையாசிரியர் அந்தக் கோப்பையை முதல் பரிசு வாங்கினவரைவிட உயரமாகப் பிடித்திருந்தார். பிறகு தீர்ப்புச் சொன்ன பெரியவர் எழுந்தார். மின்சாரம் வந்திருந்தது.

"சிறந்த நடிகருக்கான பரிசு, டாக்டர் பாதரசமாக நடித்த மாணவனுக்கு. அந்தத் தம்பி மேடைக்கு வரவும்."

மேடையேறினேன். அவர் என் தோளைத் தட்டி, "முகமூடியக் கழட்டு தம்பி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

கழற்றினேன். அம்மா காலையில் இறுக்கிப் பின்னி, கோட்டுக்குள் சொருகிவிட்டிருந்த இரட்டைச் சடை வெளியே விழுந்தது. பெரியவர் மைக்கில், "அட, பொண்ணு!" என்றார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை நான் இன்னொரு முறை வாழ்க்கையில் கேட்டதில்லை. பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். அத்தை கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, "எங்க வீட்டுப் பிள்ள! எங்க வீட்டுப் பிள்ள!" என்று தெரியாத ஆட்களின் கையை எல்லாம் பிடித்துக் குலுக்கினார். அம்மா இருந்த இடத்திலேயே நின்று அழுதார்.

இறங்கும்போது பாட்டு டீச்சர் நின்றிருந்தார். அவிழ்ந்திருந்த என் ரிப்பனைக் கட்டிவிட்டார். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றார். இப்போது கணக்குப் பார்த்தால் அவருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். தலைமையாசிரியருக்குப் பயந்த சின்னப் பெண். எனக்கு அன்றைக்கு அவ்வளவு யோசனை இல்லை. "பரவால்ல டீச்சர்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டு நடந்தேன்.

திரும்பும் ரயிலில் அப்பாதான் கார்டு. போர்ட் கிள்ளானிலிருந்து வந்த வண்டி கிள்ளான் மேடையில் நின்றதும், கொடியோடு இறங்கினார். வாத்தியார் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என்னிடம் வந்தார். வியர்வையில் நனைந்த கோட்டு இன்னும் என்மேல் இருந்தது.

"மழையில கேட்டுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சுப்பா."

தலையை ஆட்டினார். விசில் ஊதி, கொடி காட்டி, வண்டி கிளம்பியதும், எங்கள் பெட்டிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். வண்டி நிறைய ஆள். நெல்லிக்காய் விற்ற மலாய்க்கார மக்சிக் ஒருவர் கூடையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு சீனக் கிழவர் சன்னலில் தலை சாய்த்துக் குறட்டை விட்டார்.

"இவரு பத்து தீகாவுல இறங்கணும்," என்றார் அப்பா. "வாரத்துக்கு ரெண்டு தடவ தூங்கிட்டு கோலாலம்பூருக்கு வந்துடுறாரு. நான் சொல்றது அவருக்குக் கேக்கறதில்ல." என் பக்கம் குனிந்தார். "ஸ்டேஷன் வந்தா, நீ சொல்றியா?"

பாடாங் ஜாவா வந்தது. சன்னலில் எக்கி நின்று, பெட்டி முழுக்கக் கேட்க, "பாடாங் ஜாவா!" என்றேன். மக்சிக் திடுக்கிட்டு எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எங்கள் பையன்கள் கைதட்டினார்கள். அடுத்த நிறுத்தத்துக்கு அப்பாவைப் பார்த்தேன். மூச்சை இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எது என் குரல், எது அவர் குரல் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"பத்து தீகா!"

கிழவர் கண் விழித்தார். சுற்றிப் பார்த்தார், வெளியே பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு, தன் ஸ்டேஷனில், தன் காலால் இறங்கி நடந்தார்.